மூன்சாமி கேட்ட தெரு

என் மாமா மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருவாரூர்ப் பக்கம், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிய கையோடு ரேடியோவைத் திருகுவதுதான் அவருக்குச் சொர்க்கம். எந்த நாட்டு நிலையம் அகப்பட்டாலும், எத்தனை மணிக்குக் கேட்டது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று கடிதம் எழுதிப் போடுவார். பதிலுக்கு அவர்கள் படம் போட்ட அட்டை ஒன்று அனுப்புவார்கள். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் கூடுவார்கள். அதற்கு நேயர் மன்றம் என்று பெயர்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஒருநாள் விடியற்காலை, அம்மா நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவு நாட்டின் நிலையம் கிடைத்தது. தங்கள் வானொலியின் பழங்கதையை ஒரு வயதான அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் லண்டன்காரர்களைப் போலப் பேசினால்தான் மைக் முன்னால் உட்கார விடுவார்களாம். இவர் வேலைக்குச் சேர்ந்தபோது, உன் பேர் ரேடியோவுக்கு ஆகாது, மார்ட்டின் என்று மாற்றிக்கொள் என்றார்களாம். மாட்டேன் என்றாராம். இசைத்தட்டுத் துடைக்கிற வேலையிலேயே ஒரு வருஷம் போட்டுவைத்தார்களாம். கடைசியில் ஒருநாள் சொந்தப் பேரைச் சொல்லியே செய்தி வாசித்தாராம். அந்தப் பேர் மூன்சாமி.

"மாமா, அது நம்ம முனுசாமிதானே?"

"ஆமாம் புள்ள. கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்கள்ல, அந்தச் சனத்தோட வாரிசு. பேரை விட்டுக்குடுக்கல பாரு, அவன் மனுசன்!" மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் குடும்பத்திலும் கப்பலேறிப் போய்த் திரும்பாத முனுசாமி ஒருவர் உண்டு. எனக்கு அது போதும். "அன்புள்ள தாத்தாவுக்கு" என்று ஆரம்பித்து, நீங்கள் எங்கள் வீட்டு ஆளா என்று கேட்டு, கீழத்தெரு என்று முகவரியும் எழுதிக் கொடுத்தேன். மாமா அதை ஆங்கிலத்தில் எழுதினார். வாங்கிப் பார்த்தால் கீழத்தெருவைக் காணோம். சைக்கிள் கடை முகவரி இருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

"தபால்காரர் நம்ம தெருவுக்குள்ள எங்க வர்றாரு? டீக்கடையில போட்டுட்டுப் போயிடுவாரு. கடைன்னா பத்திரமா வந்துரும்."

உண்மைதான். தபால்காரர் மட்டுமா, ஊர்க்காரர் யாருமே வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள். வயல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் மதகடியில் நின்று குரல் கொடுப்பார்கள். குரல் மட்டும் தாராளமாக வரும்.

மூன்று மாதம் கழித்து உறை வந்தது. வெளிநாட்டு உறையைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கம். மாமா என்னையும் அழைத்துப்போனார். அங்கே அவர் வேறு ஆளாக இருந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லாரும் அவரை சார் என்றார்கள்.

மன்றச் செயலாளர் ஒரு மிராசு வீட்டுப் பிள்ளை. அவர்தான் உறையைப் பிரித்தார். அட்டையோடு மூன்சாமி கைப்பட எழுதிய கடிதமும் இருந்தது. செயலாளர் அதைத் தமிழில் சொன்னார். மூன்சாமியின் தாத்தாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஊர்ப் பேரைச் சொல்லமாட்டாராம், ஒரு தெருவின் பேரைத்தான் சொல்வாராம். அந்தப் பேரை எழுத்துக்கூட்டி வாசித்ததும் செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கீழத்தெருங்கறாரு. அப்படி ஒரு தெரு உங்க ஊர்ல இருக்கான்னு கேக்குறாரு. இருக்குங்களா சார்? ஆமா, உங்களுக்கு எந்தத் தெரு?"

"அப்படி ஒரு தெருவே எங்க ஊர்ல கெடையாதுங்க" என்றார் மாமா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தாத்தா சொன்ன ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு கேட்கிறார். இந்தப் பொய்யர் அந்தத் தெருவில் படுத்து எழுந்து வந்து, கிடையாது என்கிறார். நான் எழுந்து நின்றேன்.

"இருக்கு சார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்கோம்."

செயலாளர், "அப்படிங்களா" என்றார், மிகவும் மரியாதையாக. அட்டையை மாமாவின் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார்.

பேரை மாற்று என்று சொன்னவர்களைப் பற்றி மூன்சாமி ரேடியோவில் உலகத்துக்கே சொல்லிவிட்டார். அப்படிங்களா என்று சொல்கிறவனைப் பற்றி எங்கே போய்ச் சொல்வது? அவன் திட்டவில்லை, அடிக்கவில்லை, கேட்டால் எதுவுமே செய்யவில்லை என்பான்.

அன்று பஸ்ஸில் மாமா என் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட திமிரில் நானும் பேசவில்லை. மூன்சாமிக்குப் பதில் போகவே இல்லை. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மாமா கடையிலேயே உட்கார்ந்து, ஓட்டை இல்லாத ட்யூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்றத்த மூடிட்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமாம் புள்ள" என்றார்.

அதை நம்பினேன்.