கோழிப் பண்ணையில் ஒரு நல்ல மேய்ப்பன்

முட்டைக் கோழிப் பண்ணையில் மேனேஜர் என்றால், நாற்பதாயிரம் கோழிகளுக்கும் பதினெட்டு ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கொத்து வாங்குகிறவன் என்று அர்த்தம். ஆளை வைத்து வேலை வாங்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சேலத்தில் ஜவுளிக் கடை சூப்பர்வைசராக இருந்தவன். எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் சின்னுசாமி மேனேஜராகக் கூப்பிட்டார் என்று வேலையை விட்டேன், மகளை நாமக்கல்லில் பள்ளிக்கூடம் சேர்த்தேன். அதன் பிறகுதான் அவர், "மூணு மாசம் பாக்கலாமுங்க, சரிப்படலீன்னா வருத்தப்படக் கூடாதுங்க" என்றார். கோழியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சரி. நல்லவேளை, ஊரை விட்டுக் கிளம்பும் முன் எங்கள் பங்குக் கோயிலில் பைபிள் வழியில் நிர்வாகம் செய்வது பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன்.

காணாமல் போன ஒன்று

கூண்டில் ஏற்றும் முன் இளங்கோழிகளைத் தரையில் விட்டு வளர்க்கும் கொட்டகை ஒன்று உண்டு. முதல் வாரமே அங்கிருந்து ஒரு கோழி என் காலிடுக்கில் நுழைந்து வெளியே ஓடியது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, தொலைந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பன் என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தான். பேன்ட்டை மடித்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் பாய்ந்தேன்.

முக்கால் மணி நேரம் துரத்திப் பிடித்து, தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால் வரப்பு முழுக்க வெள்ளை வெளேரென்று கோழிகள். ஆட்கள் எல்லோரும் சாக்கும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையைப் பதினைந்து வருடமாகப் பார்க்கும் முத்தாயி அக்கா கைக்கு இரண்டு கோழியோடு வந்தார். மேய்ப்பன் கதையை மூச்சு வாங்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க சார், அந்த மேய்ப்பரு போறப்ப கதவச் சாத்திட்டுப் போனாருங்களா?"

பாதம் கழுவுதல்

சீடர்களின் காலை இயேசு கழுவியது போலத் தலைவன் தொண்டனாக வேண்டும் என்பது நோட்டின் இரண்டாம் பக்கம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியும் தண்ணீருமாகக் காலையில் பண்ணை வாசலில் உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த ஆறு பேருக்குக் கால் கழுவினேன். ஏழாவது ஆள் வரவே இல்லை.

வாசலில் இருக்கும் மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போவது எல்லாப் பண்ணையிலும் வழக்கம். மேனேஜரே உட்கார்ந்து விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே பெரிய சீக்கு. முட்டை ஏற்ற வந்த லாரி ரிவர்ஸிலேயே ரோட்டுக்குப் போய்விட்டது. அரை மணி நேரத்தில் சின்னுசாமி கால்நடை டாக்டரோடு வந்து இறங்கினார். "தப்பு என்னுதுங்க, ஆளுங்க ஒண்ணும் பண்ணலீங்க" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டே சொன்னேன். 'என் பாவமே' என்று பூசையில் நெஞ்சில் தட்டிப் பழகிய கை. டாக்டர் எல்லாக் கொட்டகையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே போனார். முத்தாயி அக்கா மட்டும் நம்பவில்லை. "காலு சுத்தமாத்தானுங்க இருக்குது, ஆனா கோழிக்கு என்ன சீக்குன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லீங்களே?"

சாலமோன் தீர்ப்பு

லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் இருவருக்கு வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டில் யாருக்கு என்று சண்டை. "பாதியாக அறுத்துக் கொடுத்துவிடுவேன்" என்றேன். உண்மையில் தேவைப்படுகிறவன் விட்டுக்கொடுப்பான் என்பது, ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்கள் சண்டை போட்டபோது சாலமோன் போட்ட கணக்கு. இருவருமே "அறுங்க சார்" என்றார்கள். சொன்ன சொல்லை மீற முடியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ரிப்பேர் வேலை பார்க்கும் ஆள் ரம்பத்தோடு வந்து, சட்டத்தைக் கச்சிதமாக இரண்டாக்கிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குட்டித் தூக்கம் போட வந்த சின்னுசாமி இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த முறையும் நெஞ்சில் தட்டிக்கொண்டேன். "அறுக்கறதுக்கு முன்னால அது யாரு கட்டலுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாங்க?" என்றார் முத்தாயி அக்கா.

மாமனார் சொல்

மோசே தனியாளாக எல்லா வழக்கையும் தலையில் போட்டுக்கொண்டு திணறியபோது, பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று வழி சொன்னவர் அவருடைய மாமனார். இதையும் நான்தான் ஒரு டீ நேரத்தில் சின்னுசாமிக்கு ஓதியிருந்தேன். மூன்றாம் மாதம் முடிகிற அன்று, என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு சொல்ல, அவர் நாமகிரிப்பேட்டையிலிருந்து தன் மாமனாரைக் காரில் அழைத்து வந்து நாற்காலி போட்டார். மஞ்சள் வெள்ளாமைக்காரர், கோழி என்றாலே மூக்கைப் பொத்துகிறவர். அவர் கையில் என் மகளின் பள்ளிக்கூடம் வரை இருந்தது.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முத்தாயி அக்காவைக் கூப்பிட்டு, ஆள் எப்படி என்றார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "கோழியப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க. ஆனா முன்ன இருந்தவரு அவரு பண்ணுன தப்பையெல்லாம் எங்க தலையில கட்டுவாருங்க. இவரு எல்லாத்துக்கும் தன் நெஞ்சுலயே தட்டிக்கறாருங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் என் நோட்டில் இல்லை.

பெரியவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "இவரையே வெச்சுக்குங்க மாப்ளை, ஆனா கொட்டகைச் சாவி மட்டும் அந்த அம்மாகிட்ட இருக்கட்டும்."

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதே தலைமைப் பண்பு என்று பங்குக் கூட்டத்தில் இப்போது நானே வகுப்பு எடுக்கிறேன், சாவி கைமாறிய கதையை மட்டும் சொல்லாமல்.