விற்ற காரின் சூடு

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனில் இருக்கும் பார்மசிக்கு ஜெஸ்மின் இப்போது பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள். போன வருடம் வரை அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன நீலக் கார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கியது. கணவன் அஸ்ஹான் தன் கடைக்கு வேன் எடுத்தபோது, "ஒரு வீட்டுக்கு ரெண்டு வாகனம் என்னத்துக்கு?" என்று கேட்டான். அதில் நியாயம் இருந்தது. தரகர் ஒருவர் காரைக் கொண்டுபோய் மூதூரில் யாருக்கோ விற்றுக்கொடுத்தார்.

கார் இருந்த காலத்தில், வேலை சீக்கிரம் முடியும் நாட்களில் அவள் நிலாவெளியையும் தாண்டிக் குச்சவெளி வரைக்கும் தனியே ஓட்டிப் போவாள். கடலைப் பார்த்தபடி காருக்குள் இருந்து ஒரு பணிஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது, நிற்பவர்களின் தோள்களுக்கு இடையில்தான் தண்ணீர் தெரிகிறது.

காரை விற்கும்போது ஒன்றை மறந்துவிட்டாள். கராஜில் சொல்வதை அப்படியே நம்ப விருப்பமில்லாமல், ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவான ஒரு கருவியைச் செருகி வைத்திருந்தாள். எஞ்சினின் சூடு, பற்றரியின் நிலை, பழுதுகள் எல்லாம் அதிலிருந்து ப்ளூடூத்தில் போனுக்கு வரும். அதற்காகப் போனில் போட்டிருந்த செயலியை, அந்த அப்பை, அவள் அழிக்கவேயில்லை.

ஒரு மதியம் கவுண்டரில் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் 'வாகனம் இணைந்தது' என்று இருந்தது.

அப்பில் வேகமும் சூடும் காட்டும் முள்ளுகள் எழும்பின. கார் எங்கேயோ பக்கத்தில் ஸ்டார்ட்டில் நின்றது. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில், பனடோல் கேட்ட கிழவர் இரண்டாம் தரமும் கேட்க வேண்டியதாயிற்று. பிறகுதான் சூட்டைக் கவனித்தாள். வழமையாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா," என்று கூட வேலை செய்யும் சோபனாவிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

எதிரில் மர நிழலில் கார் நின்றது. ஸ்டியரிங்கில் ஓர் இளைஞன். பின்னால் அவனுடைய உம்மா, ஏசிக் காற்றில் கண்மூடி இருந்தார்.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்க. சூடு ஏறுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும் ராத்தா?"

போனைக் காட்டினாள். "இது என்ட காரா இருந்தது."

அவன் பெயர் நௌபர். எஞ்சின் ஆறியதும் அவள் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எஞ்சினை ஆற்றும் காற்றாடியின் பியூஸ் எரிந்திருந்தது. பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டதும் காற்றாடி சுற்றியது.

"ஓடிப் பாருங்க ராத்தா," என்று நௌபர் சாவியை நீட்டினான். "உம்மா உள்ளேயே இருக்கட்டும். டொக்டர் வர இன்னும் நேரம் கிடக்கு. நான் இங்க நிக்கிறன்."

இருக்கை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். கடற்கரை வீதியில் திரும்பியதும் கிளச்சின் பழைய கனம் காலுக்குத் தெரிந்தது.

"எங்க போறம் மகள்?" என்று உம்மா கேட்டார்.

"தெரியாது உம்மா."

"அப்ப போங்க. காத்து நல்லாயிருக்கு."

நிலாவெளிக்குப் பிரியும் சந்தி வரைக்கும் போனாள். அங்கே சற்று நின்றாள். பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். வந்த வழியே காரைத் திருப்பினாள். சூடு ஏறவில்லை.

திரும்பி வந்ததும், அந்த அப்பைத் தனக்கும் காட்டித்தரும்படி நௌபர் கேட்டான். கருவி ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். அவனுடைய போனில் போட்டுக்கொடுத்துவிட்டு, தன்னுடையதில் அழித்தாள். அழிக்கவா என்று போன் கேட்டபோது விரல் கொஞ்சம் தயங்கியது.

மாலையில் வீட்டில் அஸ்ஹான், "ஏன் முகம் ஒரு மாதிரி?" என்றான்.

"இண்டைக்கு நம்மட கார் ஓடினனான்."

நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "அது இன்னும் ஓடுதா?" என்றான் கடைசியில்.

"நல்லா ஓடுது," என்றுவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.