முதலில் செர்வ்

1971 கோடை விடுமுறையில் பல்கலைக்கழகப் பெண்கள் டென்னிஸ் அணியின் நால்வருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. நன்றாக ஆடும் சுலோச்சனாவையாவது திரும்ப அழைத்துவரலாம் என்று பயிற்சியாளர் ரெபேக்காள் செப்டம்பர் கடைசியில் மதராஸிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினாள். அங்கே நெல் காயவைத்துக்கொண்டிருந்த சுலோச்சனா ஐந்து மாதக் கர்ப்பிணி. ரெபேக்காளும் குனிந்து நெல்லைக் கிளறிவிடத் தொடங்கினாள்.

அவள் வந்த காரியம் புரிந்து சுலோச்சனாவே பேசினாள். "என்னை வுட்டுடுங்க டீச்சர். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மொதல்லயே செர்வ் போடக் கத்துக் குடுங்க. எனக்கு அத்தக் கடைசியாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. கையி நல்லா வர்றப்போ கல்யாணம் ஆயிடுச்சு."

மதராஸ் திரும்பியதும், டென்னிஸ் மட்டையையே தொட்டறியாத நான்கு முதலாண்டு மாணவிகளுக்கு ரெபேக்காள் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடியான செர்வைத்தான் முதலில் பழக்கினாள். அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். அடுத்த வருடம் ஒன்றில் வென்றார்கள். அதற்குள் ஒருத்திக்கு நிச்சயமாகியிருந்தது. ரெபேக்காள் மறுநாளே இன்னொரு பெண்ணைத் தேடத் தொடங்கினாள்.