உள்தையல்

டப்ளினில் உடம்பு இளைத்தால் வாழ்த்துகிறார்கள். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் மார்த்தா, என் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்திரண்டு! கொடுத்துவைத்தவள் நீ. என்ன டயட்?" என்று கேட்டாள். டயட்டெல்லாம் இல்லை, எனக்கு மட்டும் சமைத்துத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றேன். அதுவும் நல்ல முறைதான் என்று தலையாட்டினாள்.

தங்கைக்குத் திருப்பதியில் கல்யாணம். எனக்கான ஜாக்கெட் துணியை அம்மா சித்தூர் டெய்லரிடம் கொடுத்திருந்தாள். எங்கள் ஊர் குடிபாலாவில் இருந்தவரை என் அளவு எத்தனை இஞ்ச் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் வரவில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று புதுத்துணியோடு கொடுத்துவிடுவோம். டெய்லர் அதை விரித்து அளந்துகொள்வார். ஊரை விட்டு வரும்போது புத்திகெட்டுப்போய் அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"டெய்லரு கொலத்தலு கேக்கறாருடி. வூட்லயே டேப்பு வெச்சி அளந்து அனுப்பு" என்று வாட்ஸப்பில் அம்மாவின் குரல். தையல்கடை விஷயம் என்றால் அவளுக்குப் பாதி தெலுங்குதான்; அளவெல்லாம் 'கொலத்தலு' ஆகிவிடும்.

வீட்டில் அளப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது, டேப் முதுகுப் பக்கம் இறங்கக் கூடாது, இரண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும். இத்தனையும் செய்து கிடைத்த முப்பத்திரண்டைத்தான் என்னால் அனுப்ப முடியவில்லை. அளவு ஜாக்கெட்டைக் கட்டிலில் விரித்து அளந்தேன். முப்பத்தாறு. நான் கிளம்பியபோது இருந்த நான்.

நான் இங்கே வந்ததே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஸ்ரீ சிட்டில இல்லாத வேலையாடி? அங்க யாரு உனக்கு ஆக்கிப் போடுவாங்க?" என்று விமானம் ஏறும்வரை கேட்டாள். இளைத்தது தெரிந்தால் கல்யாணத்துக்குப் போகும் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாள். முதியோர் இல்லத்து வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட மனசில்லை. ஆனால் இந்த ஊர் மனசில் ஒட்டவில்லை. முப்பத்தாறு என்றே அனுப்பினேன். அதன்பிறகு ஒரு மாதம் வீடியோவில் பேசும்போதெல்லாம் கழுத்துவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "நல்லா துன்றியாடி?" என்பாள். "துன்னுகினுதாம்மா கீறேன்" என்பேன்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து அறையில் கையில் நாலைந்து ஊக்குகளோடு அந்த ஜாக்கெட்டைப் போட்டேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கச்சிதமாக இருந்தது. கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நான் அனுப்பிய அளவுக்கு ஒரு தையல் ஓடியது. இரண்டு பக்கமும், முன்துணியிலும் பின்துணியிலும் ஒவ்வொரு இஞ்ச் உள்ளே தள்ளி இன்னொரு தையல்.

"நீ சொன்ன அளவுக்குத்தான் தெச்சாரு. நான்தான் உள்தையல் போடச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"கழுத்த மூடிக்கினா ஆச்சா? போன்ல தலமுடிய ஒதுக்கறப்பல்லாம் வளையலு முழங்கை வரைக்கும் ஓடுதே, தெரியாதா?"

"இனிமே போவாதன்னு சொல்லப் போறியா?"

"சொன்னா கேக்கப் போறியா? போ. நல்லா துன்னு. தேறினதும் உள்தையலப் பிரிச்சுடு."

என் புடவைக் கொசுவத்தைத் தேவைக்கு மேலேயே இழுத்துச் செருகினாள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போ என்றதும்தான் எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. அந்த ஜாக்கெட் என் மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவ்வப்போது உள்பக்கம் திருப்பி, இரண்டு தையலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு இஞ்சில் விரலை வைத்துப் பார்க்கிறேன். தையல் பிரிக்க எடுத்துவைத்த பிளேடு மேஜையிலேயே கிடக்கிறது. இப்போது எனக்கு மட்டும் என்றாலும் உலை வைக்கிறேன். சில நாள் பாதியிலேயே அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா கேட்கிறாள்: "பிரிச்சிட்டியாடி?"

சால்வை போட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன்.

"இல்லம்மா. இன்னும் உள்தையல்லதான் கீறேன்."