பாசிட்டிவ் பெற்றோர் முகாம்

அங்கன்வாடி டீச்சராக இருபத்திரண்டு வருஷம் காரைக்காலில் வேலை பார்த்திருக்கிறேன். அரசாங்கம் எனக்கு அனுப்பிய உத்தரவுகளில் நான் மனதார ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பெற்றோர் பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்றது அது. அடிக்காதே, மிரட்டாதே, போனைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைக்காதே, தினமும் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து பிள்ளை சொல்கிற விளையாட்டை விளையாடு என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். யாரோ ஒரு புண்ணியவான் மேலே உட்கார்ந்து அதையே எழுதிவிட்டாரே என்று அன்றைக்கு அப்படியொரு சந்தோஷம் எனக்கு. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

உத்தரவோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. விளையாட்டுச் சாமான்கள். மரக்கட்டைகள், குட்டிப் பாத்திரங்கள், பொம்மை ஸ்டியரிங் என்று உள்ளே இருப்பதையெல்லாம் பெட்டியின் மேலேயே படமாக ஒட்டியிருந்தார்கள். படத்தைப் பார்த்துக்கொள்ளலாம், பெட்டியைத் திறக்கக் கூடாது. பெற்றோருக்கு முகாம் நடத்தி, அதிகாரி முன்னிலையில்தான் சீலை உடைக்க வேண்டும். வந்த அப்பாக்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும். முகாம் எப்போது என்று கேட்டால் தேதி பாண்டியிலிருந்து வரும் என்றார்கள். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகள் இருக்கிற அறையில் அப்படி ஒரு பெட்டியை மூடி வைத்துக் காவல் காக்கச் சொன்னவரை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் தினமும் வந்து படத்தைத் தடவிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண்பிள்ளைக்கு ஸ்டியரிங் மேல்தான் கண். பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வாயாலேயே பஸ் ஓட்டும்.

அந்தப் பிள்ளையின் வாப்பா அப்போதுதான் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருந்தார். எங்கள் மையம் இருக்கும் தெருவில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களைச் சபுராளி என்பார்கள். வீட்டுக்கு ஒரு சபுராளியாவது இருப்பார். இவர் அங்கே ஒரு துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். பிள்ளைக்கு ஐந்து மாசம் ஆனபோது போனவர், நாலு வயசு ஆகப்போகும்போதுதான் திரும்பியிருக்கிறார். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார். அது அவர் கையைப் பிடிக்காது. அவர் தோளில் மாட்டியிருக்கும் தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வரும். வாசல் வந்ததும் பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடும். அவர் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்.

அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டது. போனில் என்றால் பிள்ளை அவரிடம் வாய் ஓயாமல் பேசுகிறதாம், நேரில் வந்தால் அறைக்குள் ஓடிவிடுகிறதாம். அதனால் அவர் மொட்டைமாடிக்குப் போய் அங்கிருந்து வீடியோ கால் போட்டுக் கீழே இருக்கும் மகளிடம் பேசுகிறாராம். அவரை மறுநாளே கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னேன். குட்டி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, “ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்” என்றார். நம்மூர் அப்பாக்களுக்குப் பிள்ளையிடம் பரீட்சை வைக்கத்தான் தெரியும். அது ஆயாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

முகாம் வரப்போகிறது, கட்டாயம் வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். எப்படி விளையாடுவது என்று அங்கே சொல்லித் தருவார்களா என்று கேட்டார். அவர் அதை வெட்கப்படாமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. மகளோ ஸ்டியரிங் பைத்தியம், அப்பாவோ டிரைவர். பெட்டி திறந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவர் ஃப்ளைட் ஏறுவதற்குள் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவழியாக முகாமுக்குத் தேதி வந்தது. ஃப்ளெக்ஸும் வந்தது. ‘பாசிட்டிவ் பெற்றோர் முகாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நானும்தான் படித்தேன். நானேதான் ஆயாவோடு நின்று வாசலில் கட்டினேன். எனக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒருவர் தெருத் தெருவாகப் போனார். பாசிட்டிவ் பெற்றோர்கள் அனைவரும் தவறாமல் வரவும், பெயரும் ஆதார் எண்ணும் பதிவு செய்யப்படும் என்று மூன்று நாள் கூவினார்.

முகாம் அன்று ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அறுபது நாற்காலி, ஒரு கூடை போண்டா, பாண்டியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த அதிகாரியம்மா, நான், ஆயா. பிள்ளைகளைக்கூடப் பாதிப் பேர் அனுப்பவில்லை. தெருவில் போகிறவர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார்கள். இங்கே இருப்பவர்களுக்கு அவேர்னஸே இல்லை என்று அதிகாரியம்மா என்னைப் பார்த்து மூன்று தடவை சொன்னார். நான்காவது தடவை சொல்வதற்குள் ஆயாவை வீடுவீடாக அனுப்பினேன்.

ஆயா காரைக்கால்மேட்டுக்காரி, எதையும் மென்று விழுங்கத் தெரியாது. திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

“டீச்சர், கொரோனா சமயத்துல பாசிட்டிவ்னா தகரம் வச்சு வீட்ட அடைச்சாங்கள்ல, அது திரும்ப வந்துட்டுன்னு பாதித் தெரு நெனக்கிது. மீதித் தெரு அதவிடக் கேவலமா நெனக்கிது. புருஷனும் பொண்டாட்டியும் சேந்து வரணும்னு வேற மைக்குல சொல்லிட்டாங்களாம், எவ வருவா?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ரத்தப் பரிசோதனையில் வரும் பாசிட்டிவைத் தவிர வேறு பாசிட்டிவ் எங்கள் தெருவுக்கு எப்போது வந்திருக்கிறது? எந்த வியாதி என்று வாய்விட்டுக் கேட்கக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் அந்த மாதிரி யாரும் இல்லை என்று பெண்கள் ஆயாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரியம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். போண்டாவைப் பிள்ளைகள் தின்றார்கள்.

சாயங்காலம் மகளைக் கூட்டிப் போக வந்த சபுராளியை நான் விடவில்லை. நீங்களுமா தம்பி என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர். அங்க போனதும் எனக்கு மெடிக்கல் இருக்கு. பாசிட்டிவ்னு வந்துட்டா அன்ஃபிட்டுன்னு அடுத்த ஃப்ளைட்லயே ஏத்திருவாங்க. எங்க கூட்டாளி ஒருத்தர அப்படித்தான் ஏத்துனாங்க.”

இது வியாதி சமாசாரம் இல்லை, பிள்ளையை நல்லபடியாக வளர்ப்பதற்குத்தான் இங்கிலீஷில் அப்படிப் பெயர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொன்னா நம்புறேன். ஆனா அந்த லிஸ்ட்ட நாளைக்குப் பாக்கப்போறது நீங்க இல்லியே டீச்சர்.”



அன்றைக்கே கடிதம் எழுதினேன். பெயரை மாற்றுங்கள், ‘பிள்ளையோடு விளையாடுவோம்’ என்று வையுங்கள், பச்சைப் பிள்ளைக்கும் புரியும் என்று எழுதினேன். கோப்பு பாண்டிக்குப் போயிற்று. எங்கள் ஊரில் இது ஒரு தனி வாக்கியம். யார் எதைக் கேட்டாலும் கோப்பு பாண்டிக்குப் போயிருக்கும். நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டிப் போய், தமிழ்நாட்டைத் தாண்டி வர வேண்டும். பஸ் நாலு மணி நேரத்தில் போய்விடும், கோப்புக்கு மாசக்கணக்கில் ஆகும். அதுவரை பெட்டியையாவது திறக்கவிடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். ஆடிட்டில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சும்மா சொன்னதில்லை.

சபுராளியின் லீவில் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. காலையில் கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே அவர் மகள் படத்தின் மேல் கை வைத்து பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சீல். அந்த ஒரு மாசமும் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அவர் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் புது ஃப்ளெக்ஸ் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ‘வளர்ப்புப் பெற்றோர் முகாம்.’

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். உடனே போன் போட்டேன். வளர்ப்புப் பெற்றோர் என்றால் தத்து எடுத்தவர்கள் என்று அர்த்தம், இங்கே எல்லாரும் சொந்தப் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்று கத்தினேன். அதிகாரியம்மா கோபப்படவில்லை.

“பேரன்ட்டிங்னா வளர்ப்பு. பேரன்ட்ஸ்னா பெற்றோர். சரியாத்தானேம்மா இருக்கு? பாசிட்டிவ் வேண்டாம்னு எழுதுனீங்க, எடுத்தாச்சு. இன்னும் என்ன?”

இன்னொரு கடிதம் எழுத எனக்குத் தெம்பும் இல்லை, சபுராளிக்கு நாளும் இல்லை. மறுநாள் முகாமுக்கு அந்த அசட்டு ஃப்ளெக்ஸையே கட்டினோம். இந்தப் பெயருக்கு யாரும் பயப்படவில்லை, கேலிதான் செய்தார்கள். நாங்கள் சொந்தமாகப் பெற்றுக்கொண்டவர்கள், வரலாமா என்று கேட்டுக்கொண்டே ஏழெட்டு அப்பாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். சபுராளி கடைசியாக வந்தார். வாசலில் நின்று ஃப்ளெக்ஸை எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தார். நான் ஓடிப்போய், எழுத்துப் பிழை தம்பி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

“பிழையெல்லாம் இல்லைங்க டீச்சர். பெத்ததோட சரி, வளத்தது அவ உம்மாதான். இந்தப் பேருக்குக்கூட நான் லாயக்கில்ல” என்று சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டார்.

அதிகாரியம்மா பிள்ளைகளோடு விளையாடுவதன் அவசியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதுவரை பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்காரச் சொன்னார். பிறகு சீலை உடைத்தார். மற்றப் பிள்ளைகள் கையில் கிடைத்ததை அள்ளினார்கள். அந்தப் பிள்ளை நேராக ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலிகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தது. அதுவே டிரைவர், அதுவே கண்டக்டர். பின்னால் நின்ற வாப்பாவைத் திரும்பிப் பார்க்காமலேயே, படியில் நிற்காதீங்க, உள்ளே போங்க என்று அதட்டியது. அவர் போய்ப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். கியர் போடணும்மா என்று ஆரம்பித்தார். நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டார்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. எத்தனையோ ஸ்டாப் வந்தது. ஆயாகூட ஏறி நாகூரில் இறங்கியது.

“நீங்க எங்க எறங்கணும்?” என்று பிள்ளை கேட்டது.

“நான் எறங்கலம்மா. கடைசி வரைக்கும் வர்றேன்.”

பிள்ளை திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தது. எங்கள் மையத்தில் அது அவர் முகத்தைப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

“கடைசி ஸ்டாப்பு எங்க வூடுதான்” என்றது.

அதிகாரியம்மா அந்த நேரம் பார்த்துத்தான் படம் எடுத்தார். சபுராளி அப்போது கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். படம் ஏற்றுக்கொள்ளப்படும்வரை சாமான்களைத் திரும்பப் பெட்டியில் வைத்துக் கட்டச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. ஆடிட் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். அடுத்த இரண்டு நாளும் அவர் காலையிலிருந்து மதியம்வரை எங்கள் மையத்தில் அந்த பஸ்ஸில்தான் இருந்தார். வீட்டுக்குப் போகும்போது பிள்ளை அவர் தோளில் உட்கார்ந்து போயிற்று. மூன்றாம் நாள் அவர் ஃப்ளைட் ஏறினார்.

பத்து நாள் கழித்துப் பாண்டியிலிருந்து பதில் வந்தது. படம் நிராகரிக்கப்பட்டது. படத்தில் தந்தை மகிழ்ச்சியாகக் காணப்படவில்லை, எனவே அதே தந்தையும் குழந்தையும் விளையாடும் வேறு படத்தை அனுப்பவும் என்று இருந்தது. தந்தை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று நான் எழுதினேன். அதற்கு மறுபடி ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் எப்போது திரும்புவார் என்பதை உடனடியாகத் தெரிவிக்கவும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையும் தினமும் காலையில் வந்ததும் என்னிடம் அதையேதான் கேட்கிறது.