அணியம் தூக்கி நின்ன கார்

என் எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்குங்க. அஞ்சாவதோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. நாலு பேர் எதிர்ல பேசக் கூச்சம், அதனால எழுதுறேன். நிறைய மறந்தும்போச்சு. ஆனா அந்த ஒரு வாரம் மட்டும் மறக்கல.

எண்பதுகளோட ஆரம்பம்னு நினைக்கிறேன். பழவேற்காட்டுல இறாலுக்கு நல்ல கிராக்கி. அதுக்கு முந்தின வருஷம் படகைக் கரையேத்தும்போது என் வீட்டுக்காரருக்கு வலது தோள் இறங்கிடுச்சு. கட்டு போட்டும் கை பழையபடி மேல தூக்கல. வலை இழுக்க முடியாது, ஏரியில கோல் ஊன்ற முடியாது. வீட்டுலயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மூத்தார், அதாவது அவரோட அண்ணன், ஒரு பழைய டீசல் கார் வாங்கித் தந்தார். பின்சீட்டைக் கழட்டிட்டு, ஐஸ் போட்ட இறால் கூடைங்களைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விடுறது வேலை. ஸ்டீயரிங் பிடிக்க அந்தக் கை போதும். கார் வந்த மறுநாளே மனுஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார்.

கொஞ்ச மாசத்துல அந்தக் கார் இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிச்சுது. தினமும் அரை டப்பா ஊத்துவார், மறுநாள் பார்த்தா மறுபடியும் குறைஞ்சிருக்கும். பின்னாடி நீலமாப் புகை. டீக்கடையில இருக்குறவங்க, "எழுந்திருங்கப்பா, கொசு மருந்து வண்டி வருது"ன்னு மூக்கைப் பொத்திக்குவாங்க. அவரும் கூடச் சிரிப்பார், வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிச் சட்டையைக் கழட்டி மூலையில எறிவார்.

பொன்னேரியில மெக்கானிக் பாய் ஒருத்தர் இருந்தார். புகையைப் பார்த்ததுமே, "ரிங்கு தேஞ்சுபோச்சுப்பா. ஆயில் மேல ஏறி எரியுது. இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் போடணும்"னுட்டார். மூத்தாருக்குக் கோபம். "இன்ஜின் இறக்குற வண்டி நமக்கு இன்னாத்துக்கு? ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார், தள்ளிவிட்டுடலாம்"னார். என் வீட்டுக்காரர் "சரிண்ணா"ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்குச் சோத்தைப் பிசைஞ்சாரே தவிர வாயில வைக்கல. கார் போனா அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காருவார். அது எனக்குத்தான் தெரியும்.

அது திங்கக்கிழமை. மறுநாள் காலையில நான் காரைத் துடைச்சேன். எங்க வாசல்ல கருவாடு காயப்போட மட்டமா அடிச்ச தரை உண்டு, ராத்திரியெல்லாம் கார் அதுலதான் நிக்கும். இன்ஜின்ல சொருகியிருக்குற அளவுக் குச்சியை இழுத்து அவர் ஆயில் பார்க்குறதைத் தினமும் பார்த்திருக்கேன். ஒரு ஆசையில நானும் பானெட்டைத் தூக்கி, குச்சியை உருவித் துடைச்சு, விட்டு எடுத்தேன். அதுல ரெண்டு கோடு இருக்கும், ஆயில் அந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி மூணு விரக்கடை ஏறி இருந்தது! முந்தின சாயந்தரம்தான் 'கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்கு'ன்னு சொல்லி அவர் ஊத்தினார். நான் தொட்டதுல ஏதோ கெட்டுப்போச்சுன்னு பயந்து, குச்சியைச் சொருகிட்டு உள்ள ஓடிட்டேன்.

அப்புறம் கரைக்குப் போனேன். ஒரு படகு மணல்ல மூக்கை ஏத்தி நின்னுது. ரெண்டு பொம்பளைங்க பின்பக்கத்துல உட்கார்ந்து தண்ணி இறைச்சிட்டிருந்தாங்க. நானும் சின்ன வயசுல அந்த வேலை செஞ்சவதான். படகோட முன்மூக்கை நாங்க அணியம்னு சொல்லுவோம். அணியம் மேடேறி நின்னா உள்ள இருக்குற தண்ணியெல்லாம் பின்னாடி போய்த் தேங்கும், முன்னாடி கை வச்சா வெறும் பலகைதான். அதுக்காகப் படகுல தண்ணி இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா?

அங்கயே நின்னுட்டேன். இவர் ஆயில் பார்க்குறது எங்க? இந்தக் கரையிலதான். டிக்கி தண்ணிப் பக்கம் வர்ற மாதிரி காரைப் பின்னால சரிவுல இறக்கி நிறுத்துவார். கூடைங்களை எடை போட்டு ஏத்துற வரைக்கும் சும்மா நிக்கணுமேன்னு அப்பதான் பானெட்டைத் திறப்பார். காரு அணியம் தூக்கி நிக்குது. குச்சி இருக்குறது இன்ஜினோட முன்பக்கம்.

வீட்டுக்கு வந்து மெதுவா சொன்னேன். அவர் சிரிச்சார். "இன்னாமே, ரிங்கு தேஞ்ச வண்டிக்கு நீ தண்ணி இறைக்கப் போறியா?"

"ரிங்கு தேஞ்சிருந்தா தேஞ்சிருக்கட்டும். ஒருவாட்டி ரெண்டு எடத்துலயும் பாருங்களேன்."

"பார்த்துட்டு?"

"ஒண்ணும் இல்லன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் திறந்துடுறியா"ன்னுட்டு சாவியை எடுத்தார்.

கரைச் சரிவுல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, ஒரு உலை கொதிக்குற நேரம் விட்டுப் பார்த்தோம். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழ. ஒரு சொட்டும் ஊத்தாம வாசலுக்குக் கொண்டுவந்து, அதே நேரம் விட்டுப் பார்த்தோம். மேல்கோட்டுக்கு மேல மூணு விரக்கடை. அவர் குச்சியைக் கையில பிடிச்சபடி என்னையே பார்த்தார். அப்புறம் காருக்கு அடியில பூந்து ஆயில் இறக்குற நட்டைத் தளர்த்தினார். நான் பேசின் பிடிச்சேன். மேல்கோட்டுக்கு வர்ற வரைக்கும் இறக்கினோம்.

முதல் ரெண்டு நாள் புகை நிக்கவே இல்ல. வியாழக்கிழமை மெலிஞ்சுது. வெள்ளிக்கிழமை பொன்னேரிக்குப் போனப்ப வீட்டுக்காரர் பாய்கிட்ட சொல்லியிருக்கார். பாய் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டு, "ஆயில் ஏறிப்போனா அடியில சுத்துற கிராங்க் அதைக் கடையும்பா. நுரைச்சு, காத்துக் குழாய் வழியா உள்ள போய் எரிஞ்சிருக்கு. சைலன்சர்ல தங்கினதுதான் ரெண்டு நாள் புகைஞ்சிருக்கு. 'இப்பதான் பார்த்து ஊத்தினேன்'னு நீ சொன்னதை நம்பி நான் குச்சியை இழுக்கல பாரு, என் தப்பும்தான். யாரு கண்டுபிடிச்சது?"ன்னு கேட்டாராம்.

"எங்க வீட்டுலதான்."

"அவங்களைப் பட்டறைக்கு அனுப்பு, நீ போய்ச் சோறு ஆக்கு"ன்னாராம் பாய். இதை வீட்டுக்காரர் என்கிட்ட மூணு தடவை சொன்னார்.

ஞாயித்துக்கிழமை மூத்தார் இரும்புக்காரரோட வந்தார். மூத்தார் எதிர்ல தம்பி பொண்டாட்டி வந்து நிக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. நான் கதவுக்குப் பின்னாடி இருந்தேன். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லி இன்ஜினைப் போட்டார். புகை இல்ல. மூத்தார் காரை ஒரு சுத்து சுத்தி வந்து, கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, அணைச்சு வைக்கச் சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தக் குச்சியை நீயே வந்து இழுத்துக் காட்டு."

தலையில முந்தானையைப் போட்டுக்கிட்டு வந்து இழுத்தேன். ஆயில் கிட்டத்தட்ட மேல்கோட்டுலயே நின்னுது. மூத்தார் முகத்தைப் பார்க்காம, வீட்டுக்காரரைப் பார்த்து, ஆனா மூத்தார் காதுல விழுற மாதிரி, "செவ்வாக்கிழமையில இருந்து ஒரு சொட்டு ஊத்தல"ன்னேன். என் குரல் அவ்வளவு சத்தமா வரும்னு எனக்கே தெரியாது.

மூத்தார் இரும்புக்காரர் பக்கம் திரும்பினார். "டீ குடிச்சுட்டுப் போங்க"ன்னார்.

அந்தக் காரை என் வீட்டுக்காரர் அப்புறம் ரொம்ப வருஷம் ஓட்டினார். ஆயில் பார்க்குறது எங்க வாசல்ல மட்டும்தான், குச்சியை இழுக்குறது நான்தான்.

குச்சி முன்பக்கம் இருந்ததுன்னுதான் எனக்கு ஞாபகம். மூணு விரக்கடையா ரெண்டான்னு இப்ப சந்தேகம் வருது. பாய் சொன்னதையும் எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் எழுதியிருக்கேன். இப்ப வர்ற டர்போ வண்டிங்களுக்கு இதெல்லாம் பொருந்துமான்னும் தெரியாது. வண்டி வேலை தெரிஞ்சவங்க யாராவது ஒருவாட்டி படிச்சுப் பார்த்து, தப்பு இருந்தா திருத்திக் கொடுங்க.