இருபத்தாறாம் இலக்கத்துக்கு நான் கொடுத்த நற்சான்று

இது நடந்தது 2006 மாரியில் என்று நினைக்கிறேன். மகள் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தை விட்டுப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசம் அது. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து ஒரு பஸ் எடுத்தால் போய்ச் சேரக்கூடிய ஓர் அரினாவில் எனக்குக் கன்ரீன் வேலை. உருளைக்கிழங்குப் பிரைஸ் பொரிப்பது, கோப்பி ஊற்றுவது, மேசை துடைப்பது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போனால் பின்னேரம் ஆறு மணிக்கு வீடு.

அரினாவில் நடப்பது ஐஸ் ஹொக்கி. என் கன்ரீனுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி மட்டும்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு வருசத்தில் ஓர் ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும்போது எனக்கு எண்ணெய்ச் சட்டியோடு வேலை. ஆட்டம் நிற்கும்போது எனக்கு முன்னால் நீட்டுக்கு வரிசை. வீட்டில் என் கணவர் இவர்தான் ரீவிக்கு முன்னால் இருந்து கத்துகிறவர். நான் அந்த நேரத்தில் உடுப்பு மடிப்பேன்.

இனி என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. எங்கள் ஆட்களில் ஒரு கலியாணம் பேசினால் முதலில் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். "உங்கடை பக்கத்துப் பெடியன் ஒருத்தன், ஆள் எப்பிடி?" என்று ரொறொன்ரோவிலிருந்து வரும், லண்டனிலிருந்து வரும். கோயிலில் எல்லோரையும் தெரிந்தவள் என்று யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். கலியாணம் குழப்புகிறவள் என்று பேரெடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான். தங்கமான பிள்ளை. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பான். கண்ட கண்ட கூட்டாளிகள் இல்லை. ஒரு வம்புதும்புக்கும் போகமாட்டான். தாய் சொல்லைத் தட்டமாட்டான். இதில் பாதி நான் கண்டது, மீதி நான் வைத்துக் கட்டியது. பெரும்பாலும் அந்தக் கலியாணங்கள் நடந்தன, எனக்குப் பலகாரமும் வந்தது.

அந்த அரினாவில் விளையாடிய ஜூனியர் அணியில் ஒரு பெடியன். சட்டையில் இருபத்தாறு என்று போட்டிருக்கும். பதினெட்டு வயது, நெடுவல், மெலிவு. எங்கேயோ வடக்கே எட்டு மணித்தியாலம் தள்ளி உள்ள ஊர். ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தான். ஆட்டம் முடிந்ததும் மற்றப் பெடியள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு கார்களில் ஏறிப் போய்விடுவார்கள். இவன் மட்டும் ஒரு சூடான சொக்லேற் வாங்கிக்கொண்டு மூலை மேசையில் இருப்பான். கட்டம் போட்ட ஒரு கொப்பியை விரித்துப் பென்சிலால் வட்டமும் கோடும் கீறுவான். முக்கால் மணித்தியாலம் கழித்து, கோப்பையைக் கொண்டுவந்து தந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போவான். ஏன் இருக்கிறான் என்று நான் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை. கேத்திரகணிதம் செய்கிறான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, சாம்பல் தொப்பி போட்ட ஒரு மனிதர் கன்ரீனுக்கு வந்தார். சின்ன நோட்டுப் புத்தகத்தோடு மேல் வரிசையில் தனியாக இருந்து ஆட்டம் பார்க்கிறவர் அவர். பெரிய கழகம் ஒன்றுக்காகப் பெடியளைப் பார்த்து எழுதுகிறவர் என்று அரினாவில் எல்லோருக்கும் தெரியும். கோப்பியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த இருபத்தாறாம் இலக்கப் பெடியன் எப்பிடி, மடாம்?"

மொழி பிரெஞ்சு. ஆனால் கேள்வி எனக்கு நன்றாகப் பழகின கேள்விதான். கையைத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். பிரெஞ்சு வகுப்பில் படித்த சொற்கள் அன்றைக்கு அருவியாகக் கொட்டின. மிகவும் நல்ல பிள்ளை. அமைதி. மற்றவர்களோடு சேர்ந்து திரியமாட்டான், எப்போதும் தனியத்தான். கோபமே வராது. யாராவது தள்ளினால்கூட விலகிப் போய்விடுவான். எந்நேரமும் படிப்புத்தான், கணக்கில் கெட்டிக்காரன். தாய் என்ன சொன்னாலும் கேட்பான். அவனுடைய தாயை நான் கண்டதேயில்லை. தொப்பிக்காரர் ஒவ்வொன்றையும் எழுதினார். "கோபமே வராதா?" என்று திருப்பிக் கேட்டார். "ஒருநாளும் வராது" என்று அடித்துச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோசம் எனக்கு.

அன்று சாப்பாட்டு நேரம் இவரிடம் பெருமையாகச் சொன்னேன். இவருக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"தள்ளினா விலகிப் போவான் எண்டோ சொன்னனீர்?"

"ஓம். நல்ல குணம்தானே?"

"ஐயோ, அவன் டிஃபென்ஸ்காரனல்லோ! தள்ளினா விலகாமல் நிக்கிறதுதான் அவன்ரை வேலை. நீர் அவனுக்குப் பொம்பிளை பேசிப்போட்டு வந்திருக்கிறீர்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளங்கப்படுத்தினார். டிஃபென்ஸ் என்றால் தன் பக்கத்துக் கோலைக் காக்கிறவன். அதிலும் இந்தப் பெடியன், இவர் பேப்பரில் வாசித்தபடி, இரண்டு பக்கமும் விளையாடுகிற வகையாம். முன்னுக்குப் போய்க் கோல் அடிக்கவும் உதவவேண்டும், எதிராளி திரும்பும்போது அவனுக்கு முதல் ஓடிவந்து மறிக்கவும் வேண்டும். அப்படி ஒருவன் கிடைப்பது அருமையாம். ஆனி மாதத்தில் பெரிய கழகக்காரர்கள் கூடியிருந்து, பெடியளின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எடுப்பார்களாம். பேர் வராவிட்டால் சின்ன வயதிலிருந்து பட்ட பாட்டுக்கு அனேகமாக அதோடு சரியாம். அந்த நோட்டுப் புத்தகக்காரருக்கு, தனியத் திரிகிறவன் என்றால் அணியோடு ஒட்டாதவன். கோபம் வராதவன் என்றால் பயந்தவன். எந்நேரமும் படிப்பு என்றால் நாளைக்கு ஹொக்கியை விட்டுவிட்டுப் போகக்கூடியவன். நான் அவனுக்குப் போட்ட மாலையில் ஒரு பூக்கூட உருப்படியாக இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் தடவையாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தக் கறுப்பு வட்டு எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் இருபத்தாறை மட்டும் பார்த்தேன். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவன் தோளுக்கு மேலால் திரும்பித் திரும்பிப் பின்பக்கம் பார்த்தான். முன்னுக்குப் போவான், நான் கண்ணை இமைக்கிறதுக்குள் பின்னுக்கு நிற்பான். எதிர் அணிக்காரன் ஒருவன் வந்து கோல் காக்கிற சின்னப் பெடியனை விழுத்தினான். இருபத்தாறு போய் அவனுக்கு முன்னால் நெஞ்சோடு நெஞ்சு நின்றான். கை ஓங்கவில்லை. அவன் தள்ளினான், இவன் அசையவில்லை. அவன் கையுறையால் முகத்தில் குத்தினான், அப்போதும் அசையவில்லை. கடைசியில் அந்த எதிர் அணிக்காரனைத்தான் வெளியே தண்டனைப் பெட்டிக்குள் இருத்தினார்கள். நான் சொன்ன அமைதி அவனிடம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது விலகிப் போகிற அமைதி இல்லை. சட்டியில் பிரைஸ் கருகிப்போனது.

ஆட்டம் முடிந்து அவன் மூலை மேசைக்கு வந்தபோது, கணக்குப் பாடமா என்று கொப்பியைக் காட்டிக் கேட்டேன். அவன் வெட்கத்தோடு திருப்பிக் காட்டினான். வட்டங்கள் எல்லாம் ஆட்டக்காரர்களாம், கோடுகள் அவர்கள் ஓடின வழியாம். தங்கள் அணிக்கு விழுந்த ஒவ்வொரு கோலுக்கும் தான் எங்கே நின்றான், எங்கே நின்றிருக்க வேண்டும் என்று கீறி வைத்திருந்தான். வருசத் தொடக்கத்திலிருந்து ஒன்றும் விடவில்லை. மற்றவர்களோடு ஏன் போவதில்லை என்றும் கேட்டேன். அவர்களெல்லாம் மொன்றியல் தீவுக்குள்ளேயே இருப்பவர்களாம். இவனுக்கு மெட்ரோவால் இறங்கி லொங்குய்யில் பஸ் பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அது மணித்தியாலத்துக்கு ஒன்றுதானாம். குளிருக்குள் நிற்காமல் இங்கே இருக்கிறான். அவ்வளவுதான் விசயம்.

சாம்பல் தொப்பிக்காரர் அதற்குப் பிறகு இரண்டு கிழமை வரவில்லை. வந்த அன்றைக்கு, கோப்பியை நானே மேல் வரிசைக்குக் கொண்டு போனேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அந்தப் படிகளில் ஏறியது அதுதான் முதல் தடவை. நான் முன்பு சொன்னது நான் கண்டதல்ல என்றேன். எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் என்றேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கண்டதைச் சொன்னேன், கொப்பியைச் சொன்னேன், பஸ்ஸையும் சொன்னேன். பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். நோட்டுப் புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை.

"மடாம், கோச் புகழுவார், தாய்தகப்பன் புகழுவினம். ஒரு பக்கமும் சாராத ஆள் எண்டுதான் உங்களைக் கேட்டனான். அண்டைக்குச் சொன்னதும் நீங்கள்தான், இண்டைக்குச் சொல்லிறதும் நீங்கள்தான். நான் எதை எழுதுறது?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். கோப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு ஐஸைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஆனி மாதம் வந்தது. இவர் பேப்பரில் பட்டியலை விரலால் தடவித் தடவி இரண்டு தரம் பார்த்தார். அந்தப் பெடியனின் பேர் இல்லை. "ஒரு கன்ரீன்காரியின்ரை கதையைக் கேட்டோ அவங்கள் ஆள் எடுக்கிறவங்கள்? விடும்" என்றார். அது சரியாகவும் இருக்கலாம். அவனைவிட நல்ல ஆட்டக்காரர்கள் இருந்திருக்கலாம், அவன் மெலிவு என்று விட்டிருக்கலாம். ஆனாலும் அன்றிரவு அந்தப் பட்டியலை எடுத்து நானும் ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தேன்.

ஆவணி முடிவில், அரினாவில் திரும்ப ஐஸ் போட்ட கிழமை, அவன் பயணம் சொல்ல வந்தான். கிழக்கே கடலோர மாகாணம் ஒன்றில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறானாம். அங்கேயும் ஓர் அணி இருக்கிறதாம், விளையாடுவானாம். பெரிய கவலை ஒன்றும் முகத்தில் இல்லை, அல்லது எனக்குக் காட்டவில்லை. மூலை மேசையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்தக் கட்டடத்துக்குள்ளை எல்லாரும் என்னை அளந்துகொண்டேயிருந்தவை, மடாம். இந்த மேசையிலை மட்டும்தான் ஆரும் அளக்கேல்லை. அதுக்கு நன்றி."

அந்த நோட்டுப் புத்தகக்காரருக்கு நானும் உன்னை அளந்து சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நான் கோப்பை ஒன்றைத் துடைத்துக்கொண்டு, நல்லபடி போய்வா என்று மட்டும் சொன்னேன். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோப் பக்கம் போனான்.

இப்போதும் சம்பந்தம் விசாரித்துப் போன் வருகிறது, முன்னைவிடக் குறைவு. தங்கமான பிள்ளை என்று வாய் தன்பாட்டில் தொடங்கும். பிடித்து நிறுத்திவிட்டு, நான் கண்டது இவ்வளவுதான், மிச்சம் எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. அவன் பேர் கூப்பிடப்படாமல் போனதற்கு என் வாயும் ஒரு காரணமா என்பது எனக்கு இனித் தெரியவரப் போவதில்லை. ஆனால் ஒருவரும் தன்னை அளக்காத இடம் என்று அவன் நம்பிவிட்டுப் போன மேசைக்குப் பக்கத்தில் நின்று, அந்த நன்றியைப் பேசாமல் வாங்கிக்கொண்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.